சாமியின் கால்

என் வீட்டுக்காரருக்கு வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் நடந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. முன்பெல்லாம் மட்டாஞ்சேரியில் எங்கள் மாடிப்படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்கும். உடம்பு இளைத்ததும், சபரிமலை ஏறப்போகிறேன் என்று கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மாலை போட்டவரைத் திட்ட முடியாது, பாருங்கள். பெண்டாட்டியும் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். என் வாய்க்கு அது பெரிய தண்டனை.

ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வப்போது எடுக்க வேண்டிய ரத்த டெஸ்டுக்குப் போவதை முன்பே விட்டிருந்தார். “எடை குறைஞ்சாச்சில்லே, பின்னே எதுக்கு?” என்பார். விரதத்தில், டாக்டர் தினமும் சாப்பிடச் சொன்ன வைட்டமின் கேப்சூலையும் நிறுத்திவிட்டார். அதன் உறையை மாட்டுத் தோலிலிருந்து செய்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். போதாததற்கு ஒரு நேரச் சாப்பாடு. அந்தச் சின்ன வயிற்றில் எவ்வளவுதான் போகும்?

கால் மரத்துப்போகிறது என்றார். செருப்பில்லாமல் நடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று மற்ற சாமிமார் சொன்னதை நம்பியும் விட்டார். ஒரு காலையில் பூஜை முடித்து வந்தவருக்குப் பின்னால் தரையெல்லாம் ரத்தம். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

“சாமி, ஆட்டோ வந்தாச்சு. பேசாம ஏறுங்க” என்றேன்.

வைட்டமின் குறைந்து நரம்பு பாதித்திருக்கிறது என்றார் டாக்டர். “ஆபரேஷன்ல ஒரு குழப்பமும் இல்லை. ஆனா மருந்தும் டெஸ்டும் ஆயுசு முழுக்க வேணும்.” கேப்சூல் விஷயத்தை இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. “அன்னைக்கே சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பேனே” என்றார்.

மலைக்குப் போகாமலே மாலையைக் கழற்றினார். அன்று அவர் அழுததைப் பார்த்து எனக்கும் தாங்கவில்லை. காலில் உணர்ச்சி முழுதாகத் திரும்புமா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு ஒரு ஊசியும் தவறவில்லை, ஒரு டெஸ்டும் தவறவில்லை. நான் தினமும் ஈர்க்குச்சியால் அவர் உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பேன்.

“தெரியுதா?”

“இல்லே.”

மாசியில் ஒரு நாள் கோயிலில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தோம். திடீரென்று “அய்யோ அம்மே!” என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். கல் குத்தியிருந்தது. சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் நான் கை தட்டிவிட்டேன்.

“வலிக்குதுடீ” என்றார், கண்ணில் தண்ணீரோடு.

“நல்லா வலிக்கட்டும், சாமி” என்றேன்.