ஜன்னல் வழியே கொடுத்த தூக்குச்சட்டி

உள்ளறையில் அர்ஷியா சிரித்தாள்.

அடுப்படியில் தேயிலைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த மைதீன் பாத்திமாவின் கை அப்படியே நின்றுவிட்டது. இடக்கையில் மாவுக்கட்டோடு வீடு வந்த நாளிலிருந்து மகளின் முகத்தில் சின்னப் புன்னகைகூட இல்லை. இவளும் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். ஆட்டுக்கால் சூப் வைத்தாள். தலை பின்னிவிட்டாள். தம்மாமில் இருக்கும் வாப்பாவை வீடியோவில் கூப்பிட்டுக் கொடுத்தாள். எதற்கும் அசையாத பிள்ளை, அந்த ஃபெபி டீச்சர் வந்து கட்டிலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பாவது அவளுடையதா என்றால் அதுவும் இல்லை. முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு மூச்சு வாங்க வாங்க நீண்டுகொண்டே போகும் சிரிப்பு. அது டீச்சரின் சிரிப்பு. தான் பெற்ற பிள்ளையின் தொண்டைக்குள் வேறொருத்தி குடிவந்துவிட்டதுபோல் இருந்தது பாத்திமாவுக்கு.

அவள் சீனி டப்பாவைத் திறந்தாள். மிஸ்ஸுக்குச் சீனி கம்மியாகப் போட வேண்டும் என்று அர்ஷியா எப்போதோ சொல்லிவைத்திருந்தாள். பாத்திமா ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டாள்.

பாத்திமா பத்தமடைக்காரி. கல்யாணமாகி மேலப்பாளையத்துக்கு வந்த வருஷமே கணவன் ரசீத் சவூதிக்குப் போய்விட்டான். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, முதல் பல் விழுந்தது, எல்லாவற்றையும் அவன் போனில்தான் கேட்டான். அந்த வீட்டில் இருந்தது ஒரு தையல் மெஷினும் ஒரு தாயும் ஒரு மகளும்தான். பக்கத்து வீட்டுப் பெண்களின் சுடிதார்களைத் தைத்துக்கொண்டே பாத்திமா மகளுக்குக் கதை சொன்னாள். காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டே மெஷினை மிதித்தாள். உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் அர்ஷியா தூங்கும்போது தாயின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். உலகத்தில் வேறு எந்தச் சொத்தும் வேண்டாம் என்று இருந்தவள் பாத்திமா.

அந்தச் சொத்தில்தான் பங்கு கேட்டு வந்தாள் ஃபெபி.

பாளையங்கோட்டையில் அர்ஷியா படிக்கும் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியையாக வந்த சின்னப் பெண். வந்த சூட்டிலேயே பிளஸ் ஒன் பிள்ளைகளைச் சேர்த்துச் சாகசக் குழு ஒன்றை ஆரம்பித்துவிட்டாள். மணிமுத்தாறு பக்கம் மலையேற்றம், ஆற்றில் மிதவை, கயிற்றைப் பிடித்துப் பாறையில் இறங்குவது என்று மாதாமாதம் ஏதாவது ஒன்று. முதல் தடவை போய்விட்டு வந்த ராத்திரி அர்ஷியா பேசிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பேச்சும் மிஸ்ஸில்தான் தொடங்கியது, மிஸ்ஸில்தான் முடிந்தது.

“தண்ணியில உடம்ப லேசா விட்டா அதுவே தூக்குமாம் உம்மா. மிஸ் சொல்லுதாங்க. எனக்கு மிதக்க வந்துட்டு.”

“ஆமா, உங்க மிஸ்ஸு சொன்னாத்தான் தண்ணி தூக்குமாக்கும்.”

அன்றைக்குத் தூங்கும்போது பாத்திமா சுண்டுவிரலை நீட்டி வைத்திருந்தாள். அர்ஷியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பாபநாசம் பயணம். அருவிக்கு மேலே காட்டு வழியில் நடை. சமைத்த சாப்பாடு எதுவும் பையில் இருக்கக் கூடாது, குரங்குகள் விடாது, மூடி இறுகிய டப்பாவில் கடலைமிட்டாயும் பேரீச்சம்பழமும் போதும் என்று டீச்சர் சொல்லிவிட்டிருந்தாள். பள்ளி வாசலில் ஒவ்வொரு பையையும் அவளே திறந்து பார்த்துத்தான் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றினாள்.

பாத்திமா அன்று விடிவதற்கு முன்பே எழுந்து நெய்ச்சோறு ஆக்கியிருந்தாள். ரவையில் தம்ரூட் அல்வா கிளறி, நெய் மினுங்க வில்லை போட்டிருந்தாள். தன் பிள்ளை பசியோடு மலையேறுவதற்குச் சட்டம் போட இவள் யார்? பைகளைப் பார்த்து முடித்து பஸ் உறுமத் தொடங்கிய பிறகு, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த தூக்குச்சட்டியை ஜன்னல் வழியே மகளின் மடியில் திணித்தாள்.

“உம்மா, மிஸ் ஏசுவாங்க.”

“ஏசட்டும். பெத்தவ நானா அவளா?”

பஸ் நகர்ந்தது. அர்ஷியா சட்டியைப் பைக்குள் வைப்பதைப் பார்த்த பிறகுதான் பாத்திமாவுக்கு மனசு ஆறியது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்துதான் போன் வந்தது. அர்ஷியா பாறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. பாத்திமா ஆட்டோவில் பறந்து போனாள். ஆஸ்பத்திரி வாசலில் முழங்கை சிராய்த்து, சட்டையெல்லாம் சேறாக நின்றுகொண்டிருந்தாள் ஃபெபி. நாலு பேர் பார்க்க, பாத்திமா அவளைப் பேசாத பேச்சில்லை.

“எம் பிள்ளையக் கொன்னு போடப் பாத்தியே. நீ ஒரு பிள்ளையப் பெத்து வளத்திருந்தா தெரியும்.”

ஃபெபி தலைகுனிந்து நின்றாள். அதோடும் விடவில்லை பாத்திமா. மறுநாளே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையின் மேஜைமுன் அழுதாள். விசாரணை வைப்பதாகவும், அதுவரை எந்தப் பயணமும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். வீடு திரும்பும்போது அவள் மனசுக்குள் யாருக்கும் காட்ட முடியாத ஒரு குளிர்ச்சி. இனி மிஸ் இல்லை, மலை இல்லை. மகள் தனக்கே.

அந்த விசாரணை நாளைக்கு. இன்றைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள் இந்த டீச்சர்.

பாத்திமா தேயிலை டம்ளரைக் கொண்டுபோய் வைத்தாள். ஃபெபி ஒரு மடக்குக் குடித்தாள். முகம் கொஞ்சம் கோணியது. ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள். பிறகு காலடியில் வைத்திருந்த துணிப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இத உங்க கையில குடுக்கத்தான் வந்தேன் அக்கா.”

தூக்குச்சட்டி. துலக்கிப் பளபளவென்று இருந்தது. ஆனால் வயிறு ஒடுங்கி, மூடி நெளிந்து, பிடியில் பல் பதிந்த தடம் இருந்தது. பாத்திமா மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே நிறையச் சில்லுக் கருப்பட்டி. ஃபெபி கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரி. ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று அவளுக்கும் யாரோ சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

“இது எங்கன கெடந்துச்சு?”

“பாறைக்குக் கீழ அக்கா.”

“இது யாரு கடிச்ச தடம்?”

ஃபெபி அர்ஷியாவைப் பார்த்தாள். அர்ஷியா போர்வையைப் பார்த்தாள்.

“கேக்கேன்லா டீச்சர். குரங்கு வந்துச்சா?”

“கூட்டமா வந்துச்சு. வாசனை பிடிச்சுட்டு நேரா இவ பையிலதான் விழுந்துச்சு. பைய விட்டுரு, விட்டுருன்னு கத்துனேன். விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.”

பாத்திமா மூடியைக் கீழே வைத்தாள். மகளிடம் திரும்பினாள்.

“விட வேண்டியதுதானளா? ஏன் விடல?”

அர்ஷியாவின் கண் நிறைந்தது. “நீ இருட்டோட எந்திச்சு செஞ்சது உம்மா. நான் ஒரு வாய்கூடத் திங்கல. அதுக்குள்ள அது இழுக்கு.”

அந்த ஒரு நொடி பாத்திமாவின் நெஞ்சுக்குள் வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று துள்ளிக் குதித்தது. மிஸ் விடச் சொன்னாள், மகள் விடவில்லை. மிஸ்ஸின் பேச்சைவிட உம்மாவின் சோறு பெரிதாக இருந்திருக்கிறது. நானே ஜெயித்தேன் என்று நினைத்தபடி மகளை அணைக்கக் கை நீட்டினாள். விரலில் தட்டுப்பட்டது கரடுமுரடான மாவுக்கட்டு. நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டாள்.

“பள்ளிக்கூடத்துல இதச் சொல்லலையா நீங்க?” ஃபெபியை நிமிர்ந்து பார்க்க முடியாமல் கேட்டாள்.

“இவ வேண்டாம்னுட்டா. எங்க உம்மாவ யாரும் ஒண்ணும் சொல்லிரக் கூடாது மிஸ்னு ஆஸ்பத்திரியில ஒரே அழுகை. சரின்னு வாக்குக் குடுத்துட்டேன். நாளைக்கு நான் பைய ஒழுங்காப் பாக்கலன்னு சொல்லிருதேன். அத்தோட குழுவும் முடிஞ்சிரும். பரவால்ல அக்கா.”

பரவாயில்லை என்று சொன்னவள் குடித்து முடித்த டம்ளரை மறுபடி எடுத்து வாயில் வைத்தாள். அர்ஷியா நல்ல கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இந்தப் பிள்ளை சிரித்தாலும் அழுதாலும் அதில் இன்னொருத்திக்குப் பங்கு இருந்தது. அந்தப் பங்கை அடியோடு அறுத்துவிட வழி இதோ கையில் இருந்தது. பாத்திமா வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

சட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அவள்.

“நாளைக்கு நான் வாரேன்,” என்றாள் கடைசியில். “இதையும் கொண்டாரேன். ஜன்னல் வழியா குடுத்தது நாந்தான்னு நானே சொல்லுதேன். அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நாலு பேரு கேக்கத்தான ஏசுனேன், இதையும் நாலு பேரு கேக்கட்டும்.”

“அக்கா, அதெல்லாம்...”

“பேசாம இருங்க டீச்சர். உங்களுக்காகச் சொல்லுதேன்னு நெனச்சுராதீங்க.”

அர்ஷியா எழுந்து உட்கார்ந்தாள். ஈரக் கண்ணோடு தாயைப் பார்த்த அந்தப் பார்வையை வேறு யாரும் தட்டிப் பறித்துவிடக் கூடாதே என்பதுபோல் பாத்திமா அவசரமாகப் பேசினாள்.

“மிதக்கக் கத்துக் குடுத்தது சரி. எதிர்நீச்சல் நாந்தான் கத்துக் குடுப்பேன். எங்க ஊரு கன்னடியன் கால்வாயில வெள்ளம் போகையில அக்கரைக்கும் இக்கரைக்கும் போனவ நான்.”

“உனக்கு நீச்சல் தெரியுமா உம்மா?”

“நீ கேட்டியா? மிஸ்ஸு மிஸ்ஸுன்னு ஓதிக்கிட்டே கெடந்தா எங்க கேக்க?”

ஃபெபி சிரித்துவிட்டாள். மூக்கால் ஒரு சத்தம், பிறகு நீண்ட சிரிப்பு. அர்ஷியாவும் அதே மாதிரி சேர்ந்துகொண்டாள். பாத்திமாவுக்குச் சுருக்கென்றது. அவள் சிரிக்கவில்லை.

“அப்போ நான் வாரேன் அக்கா. கை கூடுனதும் அர்ஷியாவ அனுப்புவீங்கல்லா?”

“அனுப்புதேன். கடலைமிட்டாய நான் செஞ்சு தருவேன். கடையில வாங்கக் கூடாது.”

“சரிக்கா.”

“டப்பாவும் என் டப்பாதான்.”

“சரிக்கா,” என்றாள் ஃபெபி மறுபடியும், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தெருவில் வெயில் இறங்கியிருந்தது. ஃபெபி வண்டியைக் கிளப்பினாள். அர்ஷியா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, “ஹெல்மெட் போடுங்க மிஸ், பாத்துப் போங்க,” என்றாள். வாப்பா லீவு முடிந்து சவூதிக்குப் போகும்போதுகூட இவள் இப்படி வாசல்வரை வந்து நின்றதில்லை. டீச்சர் திரும்பிக் கையசைத்தாள். மகள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

வண்டி இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை.

“உள்ள வாளா, கொசு வருது,” என்றாள் பாத்திமா. மகளின் தோளைப் பற்றி உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டாள்.