வடக்கே தலை வைத்த கட்டில்

என் புருஷனைப் பெற்ற மாமி ஞானேஸ்வரியைப் பற்றி ஜெயபுரத்தில் யாரைக் கேட்டாலும் "அவா தங்கமான மனிசி" என்பார்கள். அவர்களுக்கென்ன, அவர்களா இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாமியைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள்?

கல்யாணம் முடித்துக் குடாநாட்டிலிருந்து இந்தக் குடியேற்றத்துக்கு வந்தவர். நாற்பது வருஷமாக வயல், மாடு, இடம்பெயர்வு, மறுபடியும் வயல். சும்மா இருந்து அறியாத உடம்பு. போன ஆடியில் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பிடிவாதம் மட்டும் விழவில்லை.

நாரிக்குக் கீழே, இடுப்படியில், படுக்கைப்புண் வந்தது. வீட்டுக்கு வரும் தாதி வினோஜா மருந்து கட்டிவிட்டு என்னிடம் சொன்னார்.

"இழுக்காதேங்கோ அக்கா, தோல் உரியும். முழங்காலை மடிச்சு, தோளிலையும் இடுப்பிலையும் கை வைச்சு, உங்கட பக்கம் உருட்டுங்கோ. இடமும் வலமுமா மாத்தி மாத்திக் கிடக்கவேணும். இது ஆழமாப் போனா ஆஸ்பத்திரிதான்."

ஆஸ்பத்திரி என்றால் மாமிக்கு நடுக்கம். அங்கே போன மாமா திரும்பி வரவில்லை.

அப்படிப் பயப்படுகிறவர் சொன்னபடி கிடக்கவேண்டாமா? இடப்பக்கம் திருப்பி, முதுகுக்கு ஒரு தலையணையும் கால்களுக்கு நடுவே ஒன்றும் வைத்துவிட்டுக் குசினிக்குப் போவேன். அரிசி களைந்து முடிவதற்குள் நல்ல கையால் கட்டில் சட்டத்தை எட்டிப் பிடித்து, உரஞ்சி இழுபட்டு, மல்லாந்து கிடப்பார். இடப்பக்கம் சுவர். சுவரைப் பார்க்கமாட்டாராம். வருகிற சனத்துக்கு முதுகு காட்டக்கூடாது என்ற மரியாதையாக்கும் என்று நினைத்தேன். மரியாதை பார்க்கிற நேரமா இது? என் பாடு விழலுக்கு இறைத்த தண்ணீர்.

"புண் கிடங்காப் போகப்போகுது மாமி. நானும் மனிசிதானே, கல்லோ மரமோ?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன்.

கட்டிலை நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் நின்று திருப்பலாம், சுவரும் முகத்தில் முட்டாது என்றார் வினோஜா. அந்த ஒடுங்கின அறையில் அதற்கு ஒரே வழிதான், வாசல் தெற்கே இருந்ததால் தலைமாடு வடக்கே வரவேண்டும்.

என் புருஷன் சிவகரன் துள்ளினார். "வடக்கை தலை வைச்சுப் படுக்கவிட்டு அம்மாவைக் கொல்லப்போறியோ?"

"தெற்கை தலை வைச்சுத்தானே புண் வந்தது. அப்ப நீங்களே வந்து திருப்புங்கோவன்."

அவருக்கு உடனே வயலில் தண்ணீர் பார்க்கிற வேலை வந்துவிட்டது. சைக்கிள் படலையைத் தாண்டியதும் நானும் வினோஜாவும் மாமியோடேயே கட்டிலைத் தள்ளித் திருப்பினோம்.

இடப்பக்கம் உருட்டிவிட்டுப் போனேன். சோறு வடித்து, கறி இறக்கி, வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி கிடக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப மட்டும் எப்பிடி மாமி கிடக்கிறியள்?"

கோணின வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இப்ப குசினி தெரியுது. சுவரைப் பாத்துக் கிடந்தா நீ சாப்பிட்டியோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை? காலமையிலயிருந்து வெறும் தேத்தண்ணியோடை நிக்கிறாய்."

அது உண்மை. பல மாதமாக அப்படித்தான், வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கண் நிறைந்தாலும் கோபம் விடவில்லை. இதை முதலே சொல்லித் தொலைத்திருந்தால் அந்தப் புண் பாதி ஆறியிருக்குமே.

சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, அவர் கண்ணுக்கு நேரே கதிரையில் இருந்து சாப்பிட்டேன். வலப்பக்கம் திருப்புகிற நேரம் வந்ததும் கதிரையையும் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன்.