என் பேரில் ஓடிய கார்

2004இல் வளைகுடா வேலையை விட்டுவிட்டு மரக்காணம் திரும்பினேன். வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் பல வருடம் நர்சாக இருந்தவள். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். எங்கள் உப்புப் பாத்திகளைப் பார்த்துக்கொள்ளவும் வேறு ஆள் இல்லை. புறப்படும் முன் வீட்டு வாடகை, மின்சாரம், வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றையும் முடித்து ரசீது வாங்கினேன். கார் ஒன்றுதான் ரசீது இல்லாமல் கைமாறியது.

வாங்கியவன் எங்கள் பக்கத்து ஊரான அனுமந்தைக்காரன். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் டிரைவர். என்னைவிட இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். அந்த நாட்டில் கார் விற்றால் விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்ற வேண்டும். அதுவரை வருடாந்திரக் கட்டணமும் அபராதமும் பழைய பெயரில்தான் ஏறும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்கள் பக்கம் உப்பு விற்கிற வழக்கம் எனக்குள் ஊறியிருந்தது. குவியலுக்கு விலை பேசி, வாங்கியவன் தன் கீற்றைப் போட்டு மூடிவிட்டால் அது அவனுடையது. அன்றைக்கே மழை பெய்து கரைந்தாலும் விற்றவனிடம் யாரும் வந்து நிற்பதில்லை. இவன் பணம் கொடுத்தான், சாவியை வாங்கினான், உள்ளே கண்ணாடியில் தன் மாதா படத்தைத் தொங்கவிட்டான். கீற்றுப் போட்டுவிட்டான், இனி அவன் பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

"பேப்பர்லாம் எதுக்குக்கா? நாம ஒரே ஊர்ப்பக்கம். ஆபீஸ்ல நம்ம ஆளு ஒருத்தர் இருக்கறாரு, நான் மாத்திக்கறேன். நீங்க நிம்மதியா கெளம்புங்க" என்றான். கிளம்பினேன்.

அடுத்த வருடம் அப்பா இறந்தார். பாத்திகளைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பழைய மருத்துவமனைக்கு எழுதினேன். உடனே வரச் சொன்னார்கள். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது கடைசி வாய்ப்பு. விசாவுக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, என் பெயரில் ஒரு கார் கட்டணம் கட்டாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, வேகத்துக்கும் கண்ட இடத்தில் நிறுத்தியதற்கும் அபராதம் குவிந்திருக்கிறது என்று. அதைத் தீர்க்காமல் விசா இல்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவனைக் கூப்பிட்டேன். முதல் தடவை இந்த வாரமே முடித்துவிடுவதாகச் சொன்னான். அடுத்த தடவை முதலாளி ஊரில் இல்லை, லீவு கிடைக்கவில்லை என்றான். அதற்கப்புறம் அறையில் கூட இருப்பவர்கள் எடுத்து அவன் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். பின்னால் அவன் இருமுவது எனக்குக் கேட்டது. கடைசியாக அவனே எடுத்தான்.

"உங்க பேர்லதானக்கா இருக்குது? அப்ப நீங்களே கட்டிடுங்களேன்" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் ரிசீவரை வைத்துவிட்டுக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மருத்துவமனை கொஞ்ச நாள் காத்திருந்தது. பிறகு அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. அன்று முதல் அவனிடம் எதையும் கேட்கவில்லை. அவன் சொன்ன வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். உங்க பேர்லதான இருக்குது. உண்மைதான். என் பெயரில்தான் இருந்தது.

திண்டிவனம் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். வளைகுடாவில் என்னோடு வேலை பார்த்த மலையாளி நர்ஸ் ஒருத்தி இன்னும் அங்கேதான் இருந்தாள். என் காரை எடுத்து விற்கவும், கட்ட வேண்டியதைக் கட்டவும் அவளுக்கு அதிகாரம் கொடுத்துப் பத்திரம் எழுதினேன். அதற்கு வேண்டிய முத்திரைகளை வாங்கச் சென்னைக்கு அலைந்தேன். அலைச்சல் பெரிதாகத் தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அவன் முகம் எப்படி ஆகும் என்று யோசித்துக்கொண்டே போவேன். கிழக்குக் கடற்கரைச் சாலை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

2006 கோடையில் அவன் விடுமுறையில் ஊருக்கு வந்தான். வந்த நாலாம் நாள் என் வீட்டுக்கும் வந்தான், பேரீச்சம்பழப் பெட்டியோடு. பெயர் மாற்றாததால் காரை விற்க முடியவில்லை, நல்ல ஆள் ஒருவன் கேட்கிறான், நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று, தட்டச்சு செய்த தாளை மேசையில் வைத்தான். பழையதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றான். டீ போட்டுக் கொடுத்தேன். முழுதாகக் குடிக்கவிட்டேன். அவன் அம்மாவின் சர்க்கரை வியாதியைப் பற்றி விசாரித்தேன்.

பிறகு சொன்னேன். "கையெழுத்து போன மாசமே போட்டாச்சு தம்பி. உனக்கில்ல."

அவனுக்குப் புரியவில்லை. அறையிலிருந்து இன்னும் தகவல் வந்திருக்கவில்லை. அதனால் வரிசையாகச் சொன்னேன். அவன் விமானம் ஏறிய மறுநாள் அந்த நர்ஸ் தோழி போலீசோடு அவன் அறை வாசலுக்குப் போனாள். கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் அனுப்பிய ஆள் என்பதால் யாரும் தடுக்கவில்லை. மாதா படத்தைக் கழற்றி அறை நண்பனிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போனாள். விற்றாகிவிட்டது. அபராதமும் கட்டணமும் தீர்ந்து என் பெயர் சுத்தமாகிவிட்டது.

"அது நான் காசு குடுத்து வாங்குன வண்டிக்கா" என்றான்.

"அப்படியா? வாங்குனதுக்கு ஒரு சீட்டு காட்டு. மிச்சத்தைத் தர்றேன்."

அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான், அதில் ஏதோ இருக்கப்போவது போல. ஒரு பெண் பிள்ளையிடம் ஏமாந்தேன் என்று ஊரில் சொல்ல முடியுமா என்று கேட்டான். சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். எழுந்தவன் வாசலில் நின்று திரும்பினான்.

"நீங்க நல்லா இருப்பீங்களாக்கா?"

"இருப்பேன்" என்றேன்.

பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். எடுத்துக்கொண்டுதான் போனான். இப்போது பெரிய முதலியார்சாவடியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். வளைகுடாவில் வாங்கிய சம்பளத்தில் கால் பங்குகூட இல்லை. போகும்போதும் வரும்போதும் பஸ் அனுமந்தையில் நிற்கும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அவன் ஊர் தெரியும் பக்கமாகத்தான் உட்காருகிறேன்.