சுராயா போட்ட புகை

மாமல்லபுரத்தில் கடலுக்குப் போகிற சந்தில் கிருபாகரன் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். அங்கே அடுப்பு சுராயாவுடையது. வெள்ளைக்காரர்கள் காலை நாஸ்தாவுக்கு எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பாள், பேக்கனைத் தவிர. உப்பும் புகையும் ஏற்றிய பன்றிக்கறி அது. அவள் மார்க்கத்தில் தொடவே ஆகாது.

கிருபாகரன் கெட்டவன் இல்லை. ஆனால் பேக்கன் போடுகிற எதிர்க்கடையில் கூட்டம் நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது.

“பேஜாரா கீதுக்கா. எவ்ளோ நாளு இல்ல இல்லன்னு சொல்லிக்கினு ஓட்டறது? பொங்கலுக்குள்ள வேற ஆள் பாக்கப் போறேன்.”

“பன்னி இல்லாம பேக்கன் குடுத்தா?”

“இன்னாக்கா, மாவு இல்லாம இட்லியா?”

“காளான்ல செய்றாங்கப்பா. போன்ல பாத்தேன்.”

“செய். துன்றவன் ஏமாறணும். ஏமாந்தா அடுப்பு உன்னுது.”

புருஷன் போன பிறகு அந்த அடுப்புதான் அவளுக்குச் சோறும் நிழலும். விடுவாளா?

மதுராந்தகம் பக்கம் வைக்கோல் பையில் வளர்க்கிற சிப்பிக்காளானை வாங்கி வந்தாள். தோசைக்கல்லில் பரப்பி, மேலே கனமான சட்டியை வைத்து அழுத்தினாள். காளான் தண்ணீரெல்லாம் விட்டுத் தோல்போலத் தட்டையானது. சோயா சாஸ், வெல்லம், பூண்டு, பீட்ரூட் சாறு எல்லாம் கலந்து ஊறவைத்தாள். மிச்சம் புகைதான். புகை என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தலைக்குக் குளித்த பிள்ளைகளுக்குக் கூடையைக் கவிழ்த்துப் போடுகிற சாம்பிராணி. அதையே போட்டாள்.

பாத்திரம் கழுவும் ஜாய்ஸ் பன்றிக்கறி தின்று வளர்ந்தவள். ருசி பார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தாள்.

“யக்கா, கறி கேட்டா கொண்டைய குடுக்கற! தல குளிச்ச பொண்ண மோந்தா மாரி கீது.”

சுராயா சாம்பிராணியை விட்டாள், கூடையை விடவில்லை. இந்த முறை கூடைக்குக் கீழே கொட்டாங்குச்சித் தணல். புகையேறிய காளானைத் தேங்காயெண்ணெயில் போட்டதும் இரண்டு பேரும் சட்டிமேல் குனிந்தார்கள். ஈர வைக்கோலில் முளைத்தது அது. ரத்தம் கிடையாது, எலும்பு கிடையாது. அது ஓரம் சுருண்டு, சிவந்து, நடுவில் கொழுப்புப்போல வெள்ளைக் கோடு ஓடி, சட்டியில் கறியாகவே கிடந்து பொரிந்தது.

“யா அல்லா, உனக்குள்ள இதுவும் இருந்துச்சா?” என்று காளானைப் பார்த்தே கேட்டாள் சுராயா.

ஜாய்ஸ் தின்றாள். “அதேதான்க்கா!” என்று கத்தினாள். சுராயாவோ வாயில் வைக்கவில்லை. காளான்தான் என்று புத்திக்குத் தெரியும், நாக்குதான் கேட்க மாட்டேன் என்றது.

மறுநாள் கடைப் பலகையில் காளான் பேக்கன் என்று எழுதினான் கிருபாகரன். முதலில் கேட்டவள் மாமிசமே தொடாத ஒரு வெள்ளைக்காரம்மா. ஒரு வாய் கடித்தாள். முகம் சிவக்கத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“பன்னியப் போட்டு ஏமாத்திட்டோமாம்க்கா,” என்று ஓடி வந்தான் கிருபாகரன். “சின்னதுல தின்னாளாம், ருசி தெரியுமாம். போலீசுன்றா. இன்னா சொன்னாலும் நம்ப மாட்றா!”

சுராயா கையைத் துடைத்துக்கொண்டு, தலையில் முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டு வெளியே வந்தாள். பிஸ்மில்லா சொல்லி, அந்தத் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து எல்லாரும் பார்க்க வாயில் போட்டாள்.

வெள்ளைக்காரம்மா முக்காட்டைப் பார்த்தாள், மெல்லுகிற வாயைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“யக்கா, நாளைக்கு எவ்ளோ காளான் சொல்லட்டும்?” என்றான் கிருபாகரன்.

சுராயாவுக்குக் காதில் விழவில்லை. முதலில் உப்பு, அப்புறம் புகை, அதற்கும் அடியில் மழை பெய்த வைக்கோலின் வாசம். கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டே இருந்தாள்.