சுரங்கத்தில் மெயினை அணைத்தவர்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் "மெயின் அண்ணன்". வேலை, லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் காலை வைத்தாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி, "மெயினை அணைச்சாச்சா?" என்பதுதான். ஊரில் பாதிப் பேரை லிஃப்டில் ஏற்றி இறக்குகிறவர், தன் வீடு இருக்கும் மேல்மாடிக்கு மட்டும் படியேறித்தான் போவார். கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு நான் பார்த்திருக்கேன். நீங்க பார்க்கல. அதான் தைரியமா ஏறுறீங்க" என்பார்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்தவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கீழே யாரோ, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மெயினைப் போட்டுவிட்டார்கள். பெட்டி விருட்டென்று மேலே கிளம்பியது. அந்த மனிதர் உயிர் பிழைத்தார். ஆனால் இன்றும் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். அன்றிலிருந்து நம் மெக்கானிக் மெயினை அணைப்பதோடு விடுவதில்லை. ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டு, மேல் பொத்தானையும் மாட்டிக்கொள்வார். அவர் வேலை முடிந்து வெளியே வரும்வரை யார் தலைகீழாக நின்றாலும் விளக்கு எரியாது. வீட்டில் மின்விசிறியைத் துடைப்பதற்கும் இதே கூத்துதான். "ஃபேனைத் துடைக்கச் சொன்னா வீட்டையே இருட்டாக்கிடுவார்" என்று மனைவி முனகுவாள்.

இத்தனை பயத்தையும் அவர் சேர்த்துக் கொட்டியது ஒரே மகள் மேல்தான். ஏழாம் வகுப்பு படிக்கிற பெண். பள்ளியில் பிள்ளைகளைக் காட்டுக்குள் ஒரு முகாமுக்கு அழைத்துப்போக இருந்தார்கள். வகுப்பே பெயர் கொடுத்துவிட்டது. இவர் மட்டும் முடியாது என்றுவிட்டார்.

மகள் அழவில்லை. பேரம் பேசினாள்.

"இந்த சனி, ஞாயிறு மாமா என்னை நம்ம ஊர்லயே புதுசு புதுசா சில இடத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு. நீங்களும் வாங்கப்பா. உங்க கண்ணு முன்னாடியே எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா, முகாமுக்கு அனுப்பணும்."

மாமா என்றால் அவளுடைய அம்மாவின் தம்பி. வாரம் முழுக்கச் செருப்புக் கடையில் வாடிக்கையாளர்களின் காலடியில் குனிந்திருப்பவன். சனிக்கிழமை விடிந்தால் அவனைப் பிடிக்க முடியாது. வீட்டில் அவனுக்குச் "சுற்றுலாத் துறை" என்று பெயர்.

சனிக்கிழமை அவன் அழைத்துப்போனது ஒரு பழைய கிடங்குக்கு. அதன் உயரமான சுவரில் கலர் கலராகக் கட்டைகளைப் பதித்து, இடுப்பில் கயிற்றைக் கட்டி ஏறவிட்டார்கள். கயிற்றின் கீழ்முனை அப்பாவின் கையில். மகள் பல்லி மாதிரி உச்சிக்குப் போய்விட்டாள். இனி கயிற்றை மெல்ல மெல்ல விட்டால் அவள் இறங்கலாம். இவர் விடவில்லை.

"கயிறை விடுங்கப்பா!"

"விட்டா விழுந்துடுவே!"

"விட்டாத்தான் இறங்க முடியும்!"

"அத்தான், பிள்ளை அங்க துணி மாதிரி காயுது. விடுங்க" என்று மைத்துனன் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். கீழே வந்த மகள் சிரித்தாள். அவருக்குச் சட்டை முழுக்க வியர்வை. உள்ளங்கையில் கயிறு பதிந்த தடம் ராத்திரி சாப்பிடும்போதும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் சுரங்கம். குன்றுக்கு அடியில், ஒரு காலத்தில் ஊருக்குத் தண்ணீர் வந்த வழி. இப்போது கணுக்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. விளக்குப் போட்டு, விடுமுறை நாட்களில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிறார்கள். மனைவி வாசலைப் பார்த்ததுமே, "நான் வெளியவே இருக்கேன்பா" என்று எல்லோருடைய போனையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனாள். வழிகாட்டிப் பெண் டார்ச்சோடு முன்னால் போக, சுற்றிப் பார்க்க வந்திருந்த மற்றக் குழந்தைகளோடு மகளும் மைத்துனனும் அவள் பின்னால் வளைவைத் தாண்டி மறைந்தார்கள்.

இவர் வாசலை ஒட்டிய சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார். கால் நகர மறுத்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கே சொட்டுகிறது என்று பார்த்தார். விளக்குக்குப் போகும் ஒயர்கள் சேருகிற பெட்டியின் மேலேயே சொட்டியது. பெட்டி மூடியில் விரிசல். அதற்கு நேர் கீழே, சுரங்கம் நெடுக ஓடியது சாம்பல் நிறக் கைப்பிடிக் கம்பி. எல்லாக் குழந்தைகளும் ஈரக் கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் போயிருந்தார்கள்.

"கையை எடுங்க!" என்று கத்தினார். குரல் சுவரில் மோதி மோதி வெறும் ஊளையாகப் போனது. அப்புறம் அவர் யோசிக்கவில்லை; கை யோசித்தது. மெயின் கீழே. ஃபியூஸ் கட்டை வெளியே. சட்டைப் பை. பொத்தான்.

சுரங்கம் இருண்டது. தூரத்தில் பிள்ளைகள் வீறிட்டார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு குரல் மட்டும் பக்கத்திலிருந்து வந்தது.

"அப்பா!"

இவரைக் காணோமே என்று கூட்டத்தை விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள் அவள். டார்ச் அந்தக் கோடியில். மகள் நட்டநடு இருட்டில், தனியாக.

அவர் ஓடினார். வளைவைத் தாண்டியதும் ஓரத்து வாய்க்காலில் கால் சிக்கி முறுக்கிக்கொண்டது. தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தார். எழ முயன்றார், கால் ஊன்றவில்லை.

"எங்கம்மா இருக்கே?"

"இதோ வர்றேன்பா. பேசிக்கிட்டே இருங்க, சத்தத்தை வச்சு வர்றேன்."

"கம்பியைத் தொடாதே!"

"அதைத் தொட்டுட்டுத்தான் வர்றேன்."

அவருக்கு உயிரே போய்விட்டது. "விடுடி! கரண்ட்!"

"இது பிளாஸ்டிக்ப்பா" என்றாள் அவள். "பெயிண்ட் அடிச்ச பிளாஸ்டிக் குழாய்."

ஈரக் கை ஒன்று அவர் முகத்தைத் தடவித் தோளைப் பிடித்தது. அவர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். யாருடைய நெஞ்சு அப்படி அடிக்கிறது என்று தெரியவில்லை. உள்ளே சின்னப் பிள்ளைகளின் அழுகை ஓயவில்லை; மைத்துனன் அவர்களைச் சமாதானப்படுத்தும் சத்தமும் கேட்டது. "யாரும் நகராதீங்க, இவங்களை விட்டுட்டு என்னால வர முடியாது!" என்று வழிகாட்டிப் பெண்ணின் குரல் எங்கிருந்தோ வந்தது.

விளக்கு அணைந்ததைப் பார்த்து வாசலுக்கு ஓடி வந்த காவலாளி கத்தினார். "மெயினைப் போட்டும் எரியல! எவனோ ஃபியூஸைக் கழட்டிட்டுப் போயிட்டான்!"

"எவன்யா அவன்? அறிவிருக்கா அவனுக்கு?" என்று இவரும் ஆத்திரத்தோடு கத்தினார்.

மகளின் கை அவர் சட்டைப் பையில் பட்டது.

"அப்பா."

"என்னம்மா?"

"உங்க பாக்கெட்ல என்ன?"

தொட்டுப் பார்த்தார். பொத்தான் மாட்டியிருந்தது. அதற்குள் கட்டை கனத்தது. வெட்கப்படக்கூட அப்போது அவருக்குத் தெம்பில்லை.

"காவலாளி அண்ணே, இங்க இருக்கு! வந்து வாங்கிக்கோங்க!" என்றாள் மகள்.

"டார்ச் வழிகாட்டி மேடம் கையில இருக்கு பாப்பா, என் போன்லயும் சார்ஜ் இல்ல! இந்த இருட்டுல நான் வர மாட்டேன், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு!"

"அப்ப நான் கொண்டு போறேன். குடுங்கப்பா."

"வேண்டாம். இங்கயே இரு. யாராவது வருவாங்க."

"யாருப்பா வருவாங்க? குட்டிப் பசங்கல்லாம் அழுறாங்க."

அவர் பொத்தானைக் கழற்ற முயன்றார். விரல் கேட்கவில்லை. அவளே கழற்றிக் கட்டையை எடுத்துக்கொண்டாள். ஆனால் அவள் மறு கையை அவர் இறுகப் பிடித்திருந்தார். விடவேண்டும் என்று தெரிகிறது, கை திறக்கவில்லை. வாய்க்காலில் விழுவாள், தலை இடிக்கும், வழி தவறும் என்று என்னென்னவோ கண்முன் ஓடியது. அவளும் வெடவெடவென்று நடுங்குவது அந்தக் கை வழியாகவே தெரிந்தது.

"பயமா இருக்காம்மா?"

"ரொம்ப."

அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருக்கமாட்டார். "வலது பக்கம் வாய்க்கால். இடது சுவரோட போ. கட்டையைக் காவலாளிகிட்டக் குடு, நீ மாட்டாதே. மெயினை இறக்கிட்டுத்தான் மாட்டணும்னு சொல்லு" என்றார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

சளக், சளக் என்று காலடி நகர்ந்தது. ஒருமுறை நின்றது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கத்தினால் திரும்பி வந்துவிடுவாளே! மறுபடி சளக், சளக். வளைவுக்கு அப்பால் அதுவும் தேய்ந்து போயிற்று. அப்புறம் சொட்டுச் சத்தம் மட்டும். லிஃப்ட் குழிக்குள் இத்தனை வருடம் இறங்கியவர், ஒருநாளும் அப்படி நடுங்கியதில்லை.

விளக்கு எரிந்தபோது கண் கூசியது. அவள் ஓடி வந்தாள். முகம் வெளிறி, கன்னமெல்லாம் கண்ணீர், முழங்கை சிராய்த்து ரத்தம். அதைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அவர் பார்த்துவிட்டார். பார்த்ததைச் சொன்னால் பேரம் அன்றே முடிந்துவிடும். அவருக்கு அது எவ்வளவோ வசதி. ஈரத்தில் உட்கார்ந்தபடியே அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டார்.

"முகாமுக்கு என்னென்ன வாங்கணும்?" என்றார்.

"முதல்ல ஒரு டார்ச்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.