பெருக்கமரப் பட்டைக் கயிறு

ஈரக் கயிற்றின் ஒரு முனை பல்லில் இருந்தது. மறு முனையை நாணல் தட்டியின் இடுக்கில் நுழைத்து இழுத்து, முழங்காலால் அமுக்கி, முடிச்சை இறுக்கின ஸெலிப்பாவின் கைகள். பட்டை காய்ந்தால் கல்லாகப் பிடித்துக்கொள்ளும்.

லுவாங்குவாப் பள்ளத்தாக்கில் அந்தப் பக்கம் வற்றாமல் மிஞ்சிய குட்டை அது ஒன்றுதான். சாயங்காலம் காட்டு விடுதியின் விருந்தாளிகள் வந்து, விலங்குகள் தண்ணீருக்கு இறங்குவதை ஒளிந்திருந்து பார்ப்பதற்கான மறைப்பை அவள் கட்டிக்கொண்டிருந்தாள். இது சரியாக அமைந்தால் தூரத்தில் வேறு பக்கங்களில் உள்ள மற்ற மூன்று குட்டைகளின் வேலையும் அவளுக்கு, இல்லையென்றால் பழைய ஆளுக்கே என்று விடுதியின் வழிகாட்டி சகாலா சொல்லியிருந்தார். வழக்கமாக மலையில் வளரும் மரங்களின் பட்டையில்தான் கட்டுவார்கள். இந்த வருஷம் மலைக்காடு தீயில் போய்விட்டது. கிட்டத்தில் விழுந்து கிடந்த, பானைபோல் அடி பருத்த பெருக்கமரத்தை உரித்து ஊறப்போட்டிருந்தாள்.

காவலுக்கு வந்த லுஃபேயோ புல் குலத்தான். அவள் யானைக் குலம். இரண்டு குலத்தாருக்கும் ஒருவரையொருவர் கேலி செய்யும் உரிமை உண்டு, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் செத்தால் மற்றவர்தான் அடக்கம் செய்யவேண்டும்.

"யானைக்காரி, நீ செத்தா குழி வெட்ட வேண்டியவன் நான். இந்த வெயில்ல என்னைய அலைய விட்றாத" என்றான் காலையிலேயே.

"புல்லு மொளைக்காத எடமாப் பாத்து வெட்டு மச்சான். செத்தும் உன் மூஞ்சில முழிக்க முடியாது."

அவன் துப்பாக்கியோடு கரையான் புற்றின்மேல் ஏறி உட்கார்ந்தான்.

முதலில் மான்கள் வந்தன. பிறகு காட்டுப்பன்றிகள், முழங்காலிட்டுக் குடித்தன. திடீரென்று எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின, குட்டைக்கரை காலியாயிற்று. விலா தெரிய ஒரு பெண்யானை, பின்னால் கன்று. இந்த வறட்சியில் நேரே தண்ணீருக்குத்தான் போகும். இது போகவில்லை. ஸெலிப்பா உள்ளே இருந்த மறைப்பை நோக்கி வந்தது.

தட்டியில் விட்டிருந்த பார்வைத் துளை வழியே துதிக்கை உள்ளே நுழைந்தது. அவள் தோளுக்குப் பக்கத்தில் தடவி, முடிச்சில் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மாதத்தில் யானைகள் பெருக்கமரத்தைப் பிளந்து தின்னும். அதையே உரித்து, ஊறவைத்து, தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

துதிக்கை இழுத்தது. மூலைத் தூண் மண்ணைக் கிளப்பிக்கொண்டு சாய்ந்தது. புற்றின்மேல் லுஃபேயோ துப்பாக்கியை உயர்த்துவது தெரிந்தது. வெடித்தால் விலங்குகள் பல நாள் இந்தப் பக்கம் தலைகாட்டாது. கன்றோடு இருப்பது மிரண்டால் மறைப்போடு அவளையும் மிதிக்கும்.

இடது கையைத் தட்டிக்கு மேலே விரித்து, சுடாதே என்று காட்டினாள். வலது கை முடிச்சை அவிழ்த்தது. பல்லும் உதவியது. அவிழ்ந்த கயிற்றையும் மீதிச் சுருளையும் தண்ணீர்ப் பக்கமாக வெளியே தள்ளினாள். யானை சுருளைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. வாயில் தொங்கிய நுனியைக் கன்று பிடித்து இழுத்தபடி கூடவே போனது.

இரண்டும் குடித்துவிட்டுப் போகும்வரை அவள் அசையவில்லை. பிறகு பட்டை ஒன்றுவிடாமல் அவிழ்த்து லுஃபேயோவிடம் கொடுத்துத் தூரத்தில் போடச் சொன்னாள். பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த பூப்போட்ட துணியை நாடா நாடாவாகக் கிழித்து, எல்லாவற்றையும் மறுபடி கட்டினாள்.

வெயில் சாயும்போது சகாலா வந்தார். லுஃபேயோ முந்திக்கொண்டான்.

"பெருக்கமரப் பட்டையில கட்டி அவ அக்காளுக்கு விருந்து வச்சா ஐயா. அக்கா தூணையும் சேத்து முழுங்கப் பாத்தா."

குலக் கேலி என்று நினைத்து சகாலா சிரித்தார். ஸெலிப்பா சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் இன்று வேறு ஆட்கள் உட்காரப் போகிறார்கள்.

"கேலி இல்லீங்க, நடந்ததுதான். தப்பு என்னோடது. அந்தத் தூண இன்னும் ஆழமா நட்டுருக்கேன். ஆட்டிப் பாத்துட்டு ஆளுங்கள உக்கார வைங்க."

சிரிப்பு நின்றது. அவர் தூணில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. துணி முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"மத்த மூணுக்கும் கயிறு நான் வாங்கித் தர்றேன்" என்றார் கடைசியில்.

வாசல் படலை இழுத்துக் கட்டும் பூப்போட்ட துண்டின் நுனியை, இதையும் இழுத்துப் பாருங்கள் என்பதுபோல், ஸெலிப்பா அவர் கையில் கொடுத்தாள்.