இருபத்தேழாவது வாரம்

ஸ்வீடனில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்ய வரும் வெளிநாட்டார் எல்லாரும் மாரிட்டின் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். இருபத்திரண்டு வருடமாக விசாவுக்கு உறுதிக் கடிதம் தயார் செய்கிறவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷி, காபியைக்கூட நின்றபடியேதான் குடிப்பாள்.

ஜூலை வந்தால் ஊரே காலி. அந்தத் திங்கட்கிழமை ஜார்ஜியாக்காரி நெஸ்தான் சிரித்த முகத்தோடு காகிதங்களை நீட்டினாள்.

"மாரிட், நீங்க சொன்ன மாதிரியே இருபத்தேழாவது வாரம் வந்துட்டேன். துறைத் தலைவர் கையெழுத்து வாங்கிடலாமா?"

மாரிட் காபியைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி! அது போன வாரம். தலைவர் ஸ்டூரே வெள்ளிக்கிழமையே லீவுல தீவுக்குப் போயாச்சு. இனிமே ஆகஸ்ட்லதான் வருவான்."

"ஐயோ, இங்க தங்குற என் அனுமதி நாளை மறுநாள் முடியுதே! புதுசா விண்ணப்பம் போடலைன்னா நாட்டை விட்டே போகணுமே!"

"அதுக்குத்தானே வாரத்தைப் போட்டு எழுதினேன்? முன்னாடி ஹாதிம்னு ஒருத்தன் இப்படித்தான் ஒரு வாரம் பிந்தி வந்தான். மூட்டையைக் கட்டிக்கிட்டு கெய்ரோ போய்ச் சேர்ந்தான்."

நெஸ்தான் போனில் நாட்காட்டியைத் திறந்து காட்டினாள். "புது வருஷம் புதன்கிழமை பிறந்துச்சு. அதுக்கடுத்த திங்கள்லேருந்து எண்ணினேன். எங்க ஊர்ல வாரத்துக்கு நம்பரே கிடையாது மாரிட். தேதிதான்."

பல் டாக்டரிடம் போவதிலிருந்து கல்யாணம் வரை வார எண்ணிலேயே பேசுகிற ஊர் இது; புதன்கிழமை வருடம் பிறந்தால் அந்த அரைகுறை வாரமே இங்கே முதல் வாரம். உலகமே அப்படித்தான் என்று இருந்துவிட்டாள் மாரிட். இத்தனை வருடத்தில் ஒருவரையாவது கேட்டிருக்கக் கூடாதா? அவள்மேலேயே அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோரு முறை போன் செய்தாள். ஜூலையில் ஸ்டூரே போனை அணைத்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவான் என்பது துறைக்கே தெரியும். மறுநாள் காலை முதல் படகில் ஏறினாள். இருக்கையெல்லாம் காலியாகக் கிடந்தும் இரண்டு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அரைக்கால் சட்டையோடு படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த ஸ்டூரே அவளைப் பார்த்துத் திடுக்கிட்டான். "மாரிட்! யாராச்சும் செத்துட்டாங்களா?"

"கையெழுத்துப் போடு."

"லீவுல வேலைப் பேச்சு கூடாதுன்னு நீதானே சட்டம் பேசுவே?"

"பேசுவேன்தான். தப்பு என்னோடது. போடு."

போட்டான். "முப்பத்திரண்டாவது வாரம் பார்ப்போம்" என்றான்.

"தேதியைச் சொல்லித் தொலை!"

திரும்பும் படகிலிருந்தே காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். அரை மணியில் பதில் வந்தது: "விண்ணப்பம் போட்டாச்சு. நீங்க நல்லா இருக்கணும்!"

நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. படகின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். ஒரு வாரம் பிந்தி வந்த அன்றைக்கு ஹாதிம் தன் பாக்கெட் டைரியைத் திறந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "நான் எண்ணித்தான்..." என்று ஆரம்பித்தான். விதி விதிதான் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். அந்த டைரியை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.